ஏட்டையா கட்டாத பட்டை

சுத்தி வளைப்பானேன். பாண்டித்துரை ஏட்டையாவுக்குப் பயம்.

போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். அரிவாளோடு நின்றவனைத் தனியாளாகத் துரத்தியவர். அவர் சொல்வதுதான், சாட்சி கிடையாது. ஆனால் டாக்டர் கையில் இருக்கிற கத்தி வேறு.

வலது முட்டியை மடக்கினால் மாவு மில் ஓடுகிற சத்தம். கடையநல்லூர் முகம்மது கனி முட்டி மாற்றிக்கொண்டு இப்போது தடதடவென்று மாடி ஏறுகிறார். ஏட்டையா காதில் விழுந்தது ஒன்றுதான்: எலும்பை ரம்பத்தால் அறுப்பார்களாம். அன்றிலிருந்து மரப்பட்டறை இருக்கிற தெருப்பக்கமே போவதில்லை.

அப்போதுதான் தென்காசி ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஸ்ரீதேவி இலஞ்சிக்கு வந்தாள். முட்டிவலி ஆராய்ச்சி. வலிக்காரர் காலில் ஒரு பட்டை கட்டினால், அந்தக் கால் எவ்வளவு நடக்கிறது, எப்படி நடக்கிறது என்று அது பதிந்துகொள்ளும்.

"தினம் நடங்க அண்ணாச்சி. நடக்கிற காலுக்கு ஆபரேஷன் பேச்சு சீக்கிரம் வராது."

"நடக்கலைன்னா?"

"டாக்டர் பாக்கணும்."

ஏட்டையா மூளை வேலை செய்தது. நடந்தால் வலிக்கும். வலிக்காமல் நடக்கிற கால் ஒன்று வீட்டிலேயே இருக்கிறதே. ஸ்ரீதேவி கொடுத்த பட்டையோடு நேரே அடுக்களைக்குப் போனார்.

"ஏட்டி உலகம்மை, இதக் கால்ல கட்டிக்க. காந்தப் பட்டை. வலிய உறிஞ்சிரும்."

"எனக்கு வலிக்குன்னு எப்பக் கண்டுபிடிச்சீய?"

"போலீஸ்காரன் கண்ணுக்குத் தப்புமா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து தப்பிக்கிட்டுதான இருக்கு."

ஆனாலும் கட்டிக்கொண்டாள். சண்டை போடாமல் கட்டிக்கொண்டாளே என்று அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

குற்றாலத்தில் சாரல். தினமும் பஸ் ஏறிப் போனார். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, முட்டியை ஐந்தருவிக்கு நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அருவி அடிக்கிற அடியில் வலி ஓடிவிடும் என்பது அவர் கட்சி. வலியும் அவரோடு குளித்துவிட்டு, அவரோடே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது.

ஸ்ரீதேவி திரும்பி வருகிற நாள் நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. பட்டை காட்டிக்கொடுத்துவிடுமோ? அவள் வருகிற அன்று காலை உலகம்மையிடம், "குடு, காந்தம் ஏத்திட்டுத் தாரேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

பட்டை பதிந்ததை ஸ்ரீதேவி போனில் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அண்ணாச்சி, இந்தக் காலு விடியுமுன்ன எந்திக்குது. ஓயாம மாடிப்படி ஏறி இறங்குது. ராத்திரி வரை உக்காரவே இல்ல."

"நல்லதுதானே?"

"நொண்டுது அண்ணாச்சி. நாளுக்கு நாள் கூடுது. இப்படியே விட்டா ஆபரேஷன்லதான் போய் நிக்கும். நாளைக்கே எக்ஸ்ரே எடுக்கணும்."

ஏட்டையா காதில் ரம்பம் ஓடியது. யாரும் அதட்டக்கூட இல்லை. தானாகவே ஒப்புக்கொண்டார்.

"தாயி, அது என் காலே இல்ல. இவ காலு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அடுக்களை வாசலில் உலகம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனை நாளாகச் சுவரைப் பிடிக்கிறாள்? யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

"அப்போ ரம்பம் இவளுக்கா?" என்று கேட்டார்.

"இப்பவே ஓய்வும் வைத்தியமும் குடுத்தா அவ்வளவு தூரம் போகாம பாக்கலாம் அண்ணாச்சி. பட்டை அக்கா பேர்லதான் பதிஞ்சிருக்கு. நீங்க கட்டமாட்டீங்கன்னு அக்கா அன்னைக்கே போன் பண்ணிட்டாங்க."

ஏட்டையா மனைவியைப் பார்த்தார்.

"வலிக்குன்னு நான் சொன்னா, தைலத்தத் தேயின்னு சொல்லுவீய," என்றாள் உலகம்மை. "மெஷின் சொன்னா கேப்பீயல்லா, அதான்."

ஸ்ரீதேவி பையிலிருந்து இன்னொரு பட்டையை எடுத்து அவர் காலில் கட்டினாள். உலகம்மை நாற்காலியை இழுத்துப் போட்டு, பகல் நேரத்தில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அது புதுசு. தெருவில் குழாய் சத்தம் கேட்டது.

"தண்ணி வந்துட்டு. சின்னக் குடமாவே எடுங்க, கனம் ஆகாது," என்றாள். "ரெண்டு நடை கூட நடக்கலாம்."