சாம்பியனிடம் நான் கேட்காத கேள்வி

அந்த மேசையை வீட்டுக்குக் கொண்டுவந்தே தீருவது என்று நான் முடிவு செய்தபோது குளியலறையில் இருந்தேன். என் வீரமான முடிவுகளெல்லாம் அங்கேதான் பிறக்கும். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிகிற ஒரே அறை அது.

மேசை என்றால் பில்லியர்ட்ஸ் மேசை. ஆறு குழி, பச்சைத் துணி, துணிக்கு அடியில் யானை ஏறி நின்றாலும் அசையாத கல்பலகை. எங்கள் தெருமுனை ஆட்டக்கூடத்துக்காரர் புது மேசைகள் வாங்கியிருந்தார். பழசில் ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. "எடுத்துக்கிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்" என்றார் என்னிடம். ஏன் என்னிடம் என்றால், அந்த மேசைக்குத் துணி மாற்றிப் போட்டவனே நான்தான். எனக்குக் குஷன் வேலை. நாற்காலி, சோபா, பஸ் இருக்கை, எதைக் கொடுத்தாலும் மெத்தை வைத்து உறை தைத்துக் கொடுப்பேன். அன்றைக்குத் துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு பந்தை உருட்டிவிட்டேன். பந்து நின்றுவிட்டது. நான் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறேன்.

ஆனால் எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய மேசை கொள்ளும் அறை ஒன்றுதான். சாப்பிடுகிற அறை. ஆகவே மனைவியின் சம்மதம் வேண்டும்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில் வாசலிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவள். டாக்டரைப் பார்க்க வருகிற கூட்டத்தை உள்ளே விடாமல் வைத்திருப்பது அவள் உத்தியோகம். இத்தனை வருஷத்தில் யாரிடமும் முடியாது என்று அவள் சொன்னது கிடையாது. "தாராளமாப் பாக்கலாமே" என்றுதான் ஆரம்பிப்பாள். வந்தவர் மனம் குளிர்ந்து, இரண்டு வார்த்தை பேசி, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் டாக்டரைப் பார்க்கவே இல்லை என்பது அவருக்கு உறைக்கும்.

என்னிடமும் அதே உத்தியோகம்தான்.

"மேசையா? தாராளமாக் கொண்டாங்க."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நான் என்னைக்குங்க வேண்டாம்னு சொல்லியிருக்கேன்? சாப்பாட்டு மேசையை எங்க நகத்தலாம்னு மட்டும் சொல்லுங்க."

"படுக்கற ரூம்ல போட்டுடலாம்."

"போடலாம். அப்ப கட்டில்?"

"கட்டிலை என் பட்டறையில போட்டுக்கலாம்."

"சரி. பட்டறையில ஒராள்தான் படுக்க முடியும். யாரு படுக்கறது?"

யோசித்துப் பார்த்தேன். அது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இன்னும் கொஞ்சம் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவசரமே இல்லை, நன்றாக யோசியுங்கள் என்று அன்பாகத்தான் சொன்னாள். சண்டை போட்டாலாவது பதிலுக்குக் கத்தலாம். இதற்கு என்ன செய்வது?

இந்த நேரம் பார்த்துத்தான் சாம்பியன் வந்து சேர்ந்தார்.

இந்த ஆட்டத்தையே தொழிலாக வைத்து ஊர் ஊராகப் போய் ஜெயித்தவர். புது மேசைகளுக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று கூடத்துக்காரர் அவரை வரவழைத்து, எங்களுக்கெல்லாம் பாடம் சொல்லித்தர ஏற்பாடு செய்திருந்தார். எங்களுக்கெல்லாம் என்றால் எனக்கு, பல் டாக்டருக்கு, லாரிக்காரருக்கு. ஒருவருக்கொருவர் மாறி மாறித் தோற்றே சிநேகிதர்கள் ஆனவர்கள் நாங்கள்.

சாம்பியனிடம் என்ன கற்றுக்கொள்வது என்று மூவரும் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்தோம். வெள்ளைப் பந்து போய் இடித்துவிட்டு, கூப்பிட்ட நாய் மாதிரி நம்மிடமே திரும்பி வருமே, அந்த வித்தை பல் டாக்டருக்கு. அவரிடம் ஒரு தரம் போன நோயாளி மறுபடி திரும்பி வருவதில்லை, பந்தாவது வரட்டும் என்ற ஆசை. லாரிக்காரருக்கு முதல் அடியிலேயே பாதிப் பந்துகள் குழியில் விழவேண்டும். வண்டியிலும் மனிதர் அப்படித்தான், பிரேக் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதோடு சரி. நான் கேட்டது தாண்டுகிற அடி. குறுக்கே ஒரு பந்து நின்றால் வெள்ளைப் பந்து தவளை மாதிரி எகிறிக் குதித்து அதைத் தாண்டிப் போய் அடிக்கும். அது மட்டும் கைக்கு வந்துவிட்டால் செத்தாலும் பரவாயில்லை என்று இருந்தேன்.

வந்தவரோ கண்ணாடி போட்ட ஒல்லி ஆள். தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருப்பதுபோல மெதுவாகப் பேசினார். எங்கள் மூவரின் ஆசையையும் கேட்டுக்கொண்டு, எந்த ஊருக்குப் போனாலும் இந்த மூன்றைத்தான் கேட்கிறார்கள் என்றார். பிறகு எங்களை நிற்க வைத்தார். பாதத்தை எங்கே வைப்பது, முழங்கையை எப்படித் தொங்கவிடுவது, அடித்த பிறகு தலையைத் தூக்காமல் எப்படிக் குனிந்தே இருப்பது. காலை முழுக்க இதே பாடம். குனிந்த தலை நிமிராமல் நிற்பதில் எனக்கு வீட்டிலேயே பயிற்சி உண்டு என்பதால் என்னை மட்டும் பாராட்டினார். கடைசியில், வேறு ஏதாவது கேட்கவேண்டுமா என்றார். மூவரும் மறுபடி அதே மூன்றைக் கேட்டோம். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தாண்டுகிற அடியை ஒரு தரம் அடித்துக் காட்டினார். நாங்கள் கைதட்டினோம். அவர் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்தத் திட்டம் உதித்தது. புருஷன் சொன்னால் எடுபடாது. வெளியூர்க்காரர், அதுவும் சாம்பியன், அவர் வாயால் சொன்னால்? அவரைத் தனியாக ஓரங்கட்டினேன். ஓட்டல் சாப்பாடு நாக்கைக் கெடுத்திருக்குமே என்று விசாரித்தேன். ஆமாம் என்றார். மறுநாள் மதியம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். பதிலுக்கு ஒரே ஒரு உதவி. என் மனைவி எதிரில், இந்த மனிதருக்குப் பிறவியிலேயே கை இருக்கிறது, வீட்டில் ஒரு மேசை இருந்தால் எங்கேயோ போய்விடுவார் என்று இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாப்பாட்டில் மீன் இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். அப்படியானால் சொல்லிவிடலாம் என்றார்.

மறுநாள் வந்தார். பொரித்த மீனை மூன்றாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். "தம்பி, கூச்சப்படாமச் சாப்பிடுங்க" என்று அவள் பரிமாறியபோது, எங்கள் சாப்பாட்டு மேசை வழக்கம்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் டம்ளரை அவர் மடியில் கொட்டியது. அதற்கு ஒரு கால் எப்போதும் குட்டை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்த காரியம்தான் முக்கியம்.

சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி என்னைப் பார்த்தாள். நானே பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கேட்டது.

"தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கேக்கறேன். பந்தை அடிக்க வழியே இல்லாம மாட்டிக்கிட்டா என்ன செய்வீங்க?"

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுகிற ஓசை.

"அக்கா, இருபது வருஷமாச் சொல்லிக் குடுக்கறேன். இதை ஒருத்தர்கூட கேட்டதில்ல. எல்லாருக்கும் பந்தைக் குழியில தள்ளணும், அவ்வளவுதான்."

அப்புறம் மேசைமேல் என்னவோ உருண்டது. எட்டிப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் ஒன்று, சின்ன வெங்காயம் ஒரு கை, கறுப்புப் பந்துக்கு ஒரு பேரீச்சம்பழம். சாம்பியன் கரண்டிக் காம்பால் எலுமிச்சம்பழத்தைத் தள்ளி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளுக்கே ஆட்டத்தில் ருசி வந்துவிட்டால் மேசை வந்த மாதிரிதான். அவர்கள் பேச்சைக் கெடுக்கவேண்டாம் என்று, கழுவிய பாத்திரங்களையே எடுத்து இன்னொரு தரம் கழுவினேன். அடிப்பிடித்த பழைய வாணலியைக்கூட விடவில்லை.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்ததும் சாம்பியன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அண்ணனுக்குப் பிறவியிலேயே கை இருக்கிறது என்றார். சொல்லும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், அது ஒன்றுதான் குறை.

"நீங்க சொன்னா அதுல மறுபேச்சு ஏது தம்பி" என்றாள் அவள். என் பக்கம் திரும்பினாள். "குச்சியைத் தொட்டுக்கூடப் பாக்காதவ நான். என்கூட ஒரே ஒரு ஆட்டம் ஆடுங்க. நீங்க ஜெயிச்சா மேசை இங்க வரட்டும், நீங்க சொன்ன இடத்துல நான் சாப்பாட்டைப் போடறேன். நான் ஜெயிச்சா மேசை என் இஷ்டம்."

சிரித்துவிட்டேன். சாம்பியன் சிரிக்கவில்லை. அதைக் கவனித்திருக்க வேண்டும். நாளைக்கே வைத்துக்கொள்வோம் என்று சாட்சியோடு ஒத்துக்கொண்டேன்.

ஆட்டம் எளிதானதுதான். ஒருவருக்குப் பட்டை போட்ட பந்துகள், இன்னொருவருக்குப் பட்டை இல்லாதவை. தன் பந்து விழுகிறவரைக்கும் ஒருவரே தொடர்ந்து அடிக்கலாம். தன் பந்துகளை எல்லாம் தள்ளிவிட்டுக் கடைசியில் கறுப்பைத் தள்ளுகிறவர் ஜெயித்தவர். தன் பந்தைத் தொடாமல் தப்பாக அடித்தால், எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்துத் தனக்குப் பிடித்த இடத்தில் வைத்து அடிக்கலாம்.

மறுநாள் சாயங்காலம் கூடத்தில் நல்ல கூட்டம். சாம்பியன் நடுவர். நான்தான் முதல் அடி. ஒரு பந்து விழுந்தது. அடுத்தது விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. நான் அன்றைக்கு ஆடின மாதிரி என்றைக்கும் ஆடினதில்லை. பல் டாக்டர் தன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். என் பந்துகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் தீர்ந்துபோயின. கறுப்பு மட்டும் பாக்கி. அதைக் குறிபார்த்தேன். ஒரு மயிரிழையில் தவறிவிட்டது. பரவாயில்லை, அடுத்த முறை தள்ளிக்கொள்ளலாம்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். காத்திருக்கிற நோயாளிகளைப் பார்ப்பாளே, அதே பார்வை. குழிப்பக்கமே போகவில்லை. வெள்ளைப் பந்தைக் குச்சியால் மெல்லத் தொட்டாள். அது அவளுடைய ஒரு பந்தை உரசி, அந்தப் பந்து ஓரத்தில் போய் முட்டிக்கொண்டது. வெள்ளை தானாக நகர்ந்து அவளுடைய வேறு இரண்டு பந்துகளுக்குப் பின்னால் போய் நின்றது.

"அவ்வளவுதாங்க. நீங்க தாராளமா அடிங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். கறுப்பைக் காணோம். இந்தப் பக்கம் போனேன், அவள் பந்து. அந்தப் பக்கம் போனேன், அவள் பந்து. அப்போதுதான் புரிந்தது. அவள் பந்து ஒன்றுகூட விழவில்லையே. ஒவ்வொன்றும் ஒரு சுவர். என்னுடையதை எல்லாம் மேசையிலிருந்து அப்புறப்படுத்தி அவளுக்கு வசதி செய்து கொடுத்தவன் நான்தான்.

இருக்கவே இருக்கிறது தாண்டுகிற அடி. குச்சியைச் செங்குத்தாகத் தூக்கி, மூச்சைப் பிடித்து, ஓங்கி ஒரு குத்து. பந்து தாண்டியது. பந்துகளைத் தாண்டியது, மேசையைத் தாண்டியது, கூடத்துக்காரர் கையிலிருந்த தேநீரில் போய் விழுந்தது.

அவர் அதைத் துடைத்துக் கொடுத்தார். அவள் காய்கறி பொறுக்குகிற நிதானத்தோடு இடம் தேடி வெள்ளையை வைத்து, குழி வாயில் நின்ற தன் பந்து ஒன்றை உள்ளே தள்ளினாள். அடுத்த அடியில் மறுபடி வெள்ளையை ஒளித்தாள். நான் தவறினேன். அவள் ஒன்று தள்ளினாள், ஒளித்தாள். எனக்காகக் கைதட்ட வந்த கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் நகர்ந்து நின்றது. "அக்கா, இன்னொரு தடவை வெள்ளையைப் பூட்டுங்க" என்று லாரிக்காரர் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். கடைசியில் கறுப்பு, குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல, சத்தமே இல்லாமல் குழிக்குள் இறங்கியது.

சாம்பியன் என் தோளில் கைவைத்தார். "அண்ணே, நான் என்னவோ சொல்லிக் குடுத்துட்டதா நினைக்காதீங்க. கரண்டியைக் கையில குடுத்தேன், அவ்வளவுதான். அக்காவுக்கு வீட்டுல நிறையப் பழக்கம் இருக்கும்போல."

திரும்பி நடந்து வரும்போது அவள் ஜெயித்த பேச்சையே எடுக்கவில்லை. தெருவைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு என்னைப்போல அழகாக ஆடியவர் அந்தக் கூடத்திலேயே இல்லை என்றாள். எனக்குத் தோற்றதே மறந்துபோயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் வேலை முடிந்து வந்தால் வாசலில் லாரி. லாரிக்காரரும் கூடத்துக்காரரும் ஆட்களை வைத்து மேசையை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாப்பிடுகிற அறையில். பழைய சாப்பாட்டு மேசை சந்தில் கிடந்தது. ஜெயித்தும் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாளே என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதைத் துடைப்பதற்குள் தச்சர் ஒரு பலகையோடு வந்து சேர்ந்தார். மேசை நீளத்துக்கு, மேசை அகலத்துக்கு, ஒரே பலகை. நல்ல கனமான மரம். நாலு பேர் முக்கி முனகித் தூக்கி மேசைமேல் மூடினார்கள். அவள் அதன்மேல் விரிப்பை விரித்தாள். கையால் ஓரத்தை அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை.

"பாருங்க, ஒரு சொட்டுத் தண்ணி சிந்தாது இனிமே" என்றாள். "கொஞ்சம் உசரம் கூடிப்போச்சு. நாற்காலிக்கெல்லாம் மெத்தையைத் தடிமனாப் போட்டுக் குடுத்துடுங்க, என்ன?"

"அப்ப நான் எங்கதான் ஆடறது?"

"இதுமேலதான். பலகையை எடுத்துட்டு எப்ப வேணும்னாலும் ஆடுங்க. உங்களை யாரு தடுத்தா?"

நாற்காலிகளுக்கு மெத்தை போட்டுக் கொடுத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை பார்த்து, பலகையைத் தூக்க ஆள் சேர்த்தேன். பல் டாக்டர், லாரிக்காரர், கூடத்துக்காரர், நான். சரியாக நாலு பேர். மூவரும் குச்சியோடு வந்தார்கள். பலகைமேல் சாப்பாடு தயாராக இருந்தது. வந்ததும் வராததுமாகத் தூக்கவா சொல்வது, முதலில் ஒரு வாய் சாப்பிடட்டும் என்றாள். சாப்பிட்டார்கள். மெத்தை ரொம்ப சுகமாக இருக்கிறது என்று என் வேலையைப் பாராட்டியபடி இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டார்கள். அதற்குமேல் அவர்களால் நாற்காலியிலிருந்து தங்களைத் தூக்குவதே பெரும்பாடாகிவிட்டது. ஒருவர்பின் ஒருவராகக் கைகழுவிவிட்டு வந்து குச்சிகளை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரலாமா?" என்று கேட்டார்கள். என்னிடம் இல்லை, அவளிடம்.