கோட்டை விட்டு இறங்கிய கையெழுத்து

சென்றாயனின் மருத்துவச் சான்றிதழை ஞானராஜ் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். காரிமங்கலத்து டாக்டரின் கையெழுத்து எப்போதும் கோட்டின் மேல் எறும்பு வரிசையாய் நிற்கும். இதுவோ கோட்டை விட்டு இறங்கி, ரப்பர் முத்திரையை மிதித்துக்கொண்டு போயிருந்தது.

டிரைவர் லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களின் சான்றிதழ் அசலா என்று பார்த்துச் சுருக்கொப்பம் இடுவதுதான் தருமபுரி ஆபீஸில் அவன் வேலை. அதுவும் அடுத்த மாதம்தான் நிரந்தரமாக வேண்டும்.

"யாருய்யா போட்ட கையெழுத்து இது?"

"டாக்டருதானுங்க. என் கண்ணு முன்னாலதான் போட்டாருங்க," என்றான் சென்றாயன்.

ஞானராஜ் நம்பவில்லை. சிவப்பு மையில் 'சந்தேகம்' என்று எழுதி உள்ளே அனுப்பினான். ஐந்தாவது நிமிடம் சூப்பிரண்டு கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, இது போலின்னா, அந்த டாக்டர் குடுத்து நீ பாஸ் பண்ண பழசெல்லாம் அசலுன்னு எதை வெச்சுச் சொல்றே? டாக்டரை ஒரு தடவையாச்சும் கேட்டியா?"

"இல்லீங்க சார்."

"பழசுல ஒண்ணு போலின்னாலும் நீ வூட்டுக்குப் போக வேண்டியதுதான்."

ஞானராஜ் பழைய சான்றிதழ்க் கட்டை அவிழ்த்தான். காரிமங்கலத்துச் சான்றிதழ்கள் நாற்பத்தொன்று. எல்லாவற்றிலும் அவன் சுருக்கொப்பம். டாக்டர் கையெழுத்தோ அச்சில் வார்த்தது போல ஒன்றாகவே இருந்தது. இவ்வளவு ஒன்றாக எந்த மனிதன் எழுதுவான்? அப்படியானால் இந்த நாற்பத்தொன்றுமே போலியோ?

சான்றிதழ்க் கட்டை, சென்றாயனுடையதையும் சேர்த்து, ஒரு பையில் திணித்துக்கொண்டு காரிமங்கலம் பஸ் ஏறினான். பஸ் புறப்பட்ட பிறகுதான், ஆபீஸ் காகிதத்தைச் சொல்லாமல் கொண்டுபோவது போலியைப் பாஸ் பண்ணுவதைவிடப் பெரிய குற்றம் என்று உறைத்தது. டிரைவர் திரும்பிச் சிரித்தார்.

"ஞாபகமிருக்குதுங்களா சார்? போன மாசம் நம்ம சர்டிபிகேட்டை நீங்கதான் பாஸ் பண்ணீங்க!"

"ஐயோ, ரோட்டைப் பாருங்க!"

காரிமங்கலத்தில் டாக்டர் சின்னப்பராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஞானராஜ் நீட்டிய காகிதங்களை அவர் தொடவேயில்லை.

"பேரை மட்டும் படிப்பா."

"மாதேஸ், பச்சியப்பன், சவுரியப்பன்..." ஞானராஜ் ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தான். கடைசியாக, "சென்றாயன்," என்றான்.

"எல்லாம் நம்ம பசங்க. அத்தனையும் என் கையால போட்டதுதான். எழுதிக் குடுக்கட்டுமா?"

ஞானராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேலை தப்பியது! வாசலில் நின்ற நர்ஸ் மிக்கேலம்மாளிடம், சென்றாயனுடைய சான்றிதழைக் காட்டிச் சிரித்தே விட்டான்.

"இது ஒண்ணு மட்டும் ஏன் சிஸ்டர் இப்படிக் கோணிக்கிச்சு?"

"அன்னிக்கு நான் லீவுங்க சார்," என்றாள் அவள். "கையப் புடிச்சுக் கோட்டு மேல வெச்சுவுட ஆளில்ல. அய்யாவுக்குத்தான் கண்ணு தெரியாமப் போயி மூணு வருசமாச்சுங்களே."