தொட்டியில் மிதந்த பனிப்பாறை

பனிப்பாறை மோதிக் கப்பல் கவிழ்ந்துவிடுமோ என்று மந்தைவெளியில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து கவலைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ஐஸ் மாமாதான். எழுபதுகளின் தொடக்கத்தில் பல குடித்தனங்களோடு நாங்கள் குடியிருந்த ஸ்டோரின் மாடி அறை அவருடையது. துறைமுகத்தில் குமாஸ்தா, மனசு மட்டும் வடதுருவத்தில்.

ஞாயிறுதோறும் ஐஸ் வாங்கி வந்து முற்றத்துச் சிமெண்டுத் தொட்டியில் மிதக்கவிடுவார். தகரப் படகை நூலால் இழுத்து அதன்மேல் மோதுவார். தண்ணீர் எப்படி விலகுகிறது என்று பார்க்க மஞ்சள்பொடி தூவுவார். பொடி கொண்டுவந்து கொடுப்பவள் வீட்டுக்காரர் மகள் கமலா.

"இன்னா சாரே, மீனே வாங்காம வெறும் ஐஸ வாங்கிக்கினு போற?" என்று ஒருநாள் வண்டிக்காரன் வாசலில் நின்று கேட்ட பிறகுதான், அது மீன் வண்டி ஐஸ் என்று எங்களுக்குத் தெரிந்தது. அந்தத் தண்ணீர்ப் பஞ்சக் கோடையிலும், மீன் தீட்டுப் போக ஸ்டோரே சேர்ந்து தொட்டியைத் தேய்த்துக் கழுவியது. அதன் பிறகு மாமா ஐஸ் ஃபேக்டரியில் பாளமாக வாங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கமலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர். அதற்கு முன் வந்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்ததால், அன்று கீழே இறங்கினால் மறுநாளே அறையைக் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் ஐஸ் மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கப்பல் என்ற சொல் மாடிவரை கேட்டுவிட்டது. இறங்கி வந்தார்.

"மாப்பிள்ளை, உங்க கப்பல்ல ஐஸ் மோதினா தகடு தாங்குமோ?"

நல்ல காரியம் பேசும் கூடத்தில் இந்தக் கேள்வி! மாப்பிள்ளையின் அம்மா எடுத்த சொஜ்ஜி வாய்க்குப் போகவில்லை. வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியலையே மாமா. வேகத்தைக் குறைச்சுண்டு போவோம்" என்றார் மாப்பிள்ளை.

"வாங்கோ, காட்டறேன்."

தொட்டியில் படகு நெருங்க நெருங்க, சின்ன ஐஸ் துண்டு மேலே படாமலே விலகிப்போயிற்று. படகு தள்ளும் தண்ணீரே அதை ஒதுக்கிவிடுகிறது என்று மாமா விளக்கினார். பெரிய பாளமாக இருந்தால் என்ன ஆகும் என்று மாப்பிள்ளை கேட்டார்.

"ஒதுங்காது. அதோட எடை போறாதுன்னு, சுத்தியிருக்கற தண்ணியும் சேர்ந்துண்டு இடிக்கும்."

சொன்னது மாமா அல்ல. கூப்பிடும்வரை உள்ளே இருக்க வேண்டிய கமலா, பட்டுப்புடவையோடு வந்து, சாக்கில் கிடந்த பாளத்தைத் தொட்டியில் தள்ளினாள். அவள் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையே ஈர நூலைப் பிடித்து இழுத்தார். படகு மோதியது, மூக்கு நசுங்கியது.

மாப்பிள்ளை படகைப் பார்க்கவில்லை. ஈரக்கையோடு தன் அம்மாவிடம் போய்ச் சம்மதம் என்றார்.

ஐஸ் மாமாவை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. படகின் மூக்கை நிமிர்த்தி, ஞாயிறுதோறும் மறுபடி மோதவிட்டார். கமலாவின் புருஷன் கடலில் இருந்த மாதங்களில் மட்டும் அந்தப் படகை அவர் தொட்டியில் விடவே இல்லை.