ஆடுகிற தகடும் நூறு மீற்றரும்

ஆறு பெண்கள் கோட்டில் குனிந்து நிற்கிறார்கள். துப்பாக்கி பிடித்த கை மேலே போய்விட்டது. விரல் விசையில் இருக்கிறது.

“பொறுங்கோ,” என்கிறார் கைக்குரியவர். “இதிலை ஒரு தகடு ஆடுது.”

வாசகரே, நான் உங்களுக்குக் காட்ட நினைத்த பிராணி இவர்தான். பெயர் கனகலிங்கம். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் லண்டன் மோர்டனில் ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்து விளையாட்டுப் போட்டி நடத்துகிறது. 1991ஆம் ஆண்டு, ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. ஆனால் இந்த இனம் மைதானத்தில் மட்டும் வாழ்வதில்லை. பேச்சாளர் வாயைத் திறந்தபிறகு மேடையேறி ஒலிவாங்கியைத் தட்டிப் பார்ப்பவரும், கல்யாண வீட்டில் மேளக்காரர் கையை ஓங்கியபிறகு குத்துவிளக்கு சரிந்து நிற்பதைக் கண்டுபிடிப்பவரும், குளியலறைக்கு வர்ணம் பூச ஏற்ற தூரிகை கிடைக்காமல் ஐந்து வருடமாக பாதி பூசிய சுவரைப் பார்த்துக்கொண்டு குளிப்பவரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்தான். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி உட்கார்ந்துவிடுவான். இவர் உட்காரமாட்டார். உங்களையும் ஓட விடமாட்டார்.

துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓட்டத்தைத் தொடக்கிவைக்க மட்டுமே உதவும் துப்பாக்கி. கோட்டுப் பைக்குள் மறைத்து வைத்துத் திரிவார்களே, அந்தக் கைக்கடக்கமான ஜாதியைப் பார்த்துச் செய்தது. குழாய் அடைத்திருக்கும். சத்தம் வரும், குண்டு வராது. ஆனாலும் செய்தவன் மனச்சாட்சி உள்ளவன். குறி பார்ப்பதற்கென்று முன்னால் ஒரு முளையும், பின்னால் நடுவில் வெட்டு விழுந்த ஒரு சின்னத் தகடும் வைத்திருந்தான். அந்தத் தகடுதான் தான் பொருந்தியிருக்கும் காடிப் பள்ளத்துக்குள் இடமும் வலமுமாக ஆடியது.

இதைக் கொண்டு எதைச் சுடப்போகிறார்கள்? வானத்தை. லண்டன் வானத்தைக் குறி தவறுவது அவ்வளவு எளிதா?

இதைத்தான் சங்கத் தலைவர் அம்பலவாணனும் கேட்டார். “கனகு, அது வெடிச்சாப் போதுமடாப்பா. மேலைதானே சுடப்போறாய்?”

“தலைவர், வெடிக்கேக்கை தகடு பறந்து ஆற்றையேன் கண்ணிலை பட்டா ஆர் பதில் சொல்லுறது? நீங்களோ?”

கவனியுங்கள். இந்த இனத்தாரிடம் எப்போதும் யாருடையதோ ஒரு கண் கைவசம் இருக்கும். தேவைப்படும்போது எடுத்து வெளியே வைப்பார்கள். யாரும் வாய் திறக்க முடியாது.

கோட்டில் நின்றவர்களில் கலாவதி நிமிர்ந்தார். போன வருடம் இதே ஓட்டத்தில் மரியநாயகியிடம் ஒரு தோளளவில் தோற்றவர். மூன்று மாதமாக விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பூங்காவைச் சுற்றி ஓடியவர். முதியோர் இல்லத்தில் வேலை.

“அண்ணை, எனக்கு அஞ்சு மணிக்கு ஷிப்ட். நாலு பத்துக்கு பஸ். மூண்டு மணிக்கு ஓட்டம் எண்டுதானே சொன்னனீங்கள்?”

“அஞ்சே அஞ்சு நிமிசம், தங்கச்சி.”

“விடும் கலாவதி,” என்றார் பக்கத்தில் நின்ற மரியநாயகி, காலை நீட்டி மடக்கிக்கொண்டே. “உம்மடை மானத்தைக் காப்பாத்தத்தான் அண்ணை பாடுபடுறார்.”

“ஓடிப்போட்டுக் கதையும்.”

“ஓட விட்டால்தானே!”

கனகலிங்கம் முதலில் ஐந்து பென்ஸ் நாணயத்தால் தகட்டின் திருகாணியை முறுக்கினார். நாணயம் தடிப்பு. சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடி திருத்தும் திருப்புளி வந்தது (இவர்களிடம் அது இருக்கும்). திருகாணியின் தலை தேய்ந்திருந்தது. பிஸ்கற் பக்கற்றின் வெள்ளித்தாளைக் கிழித்து, மடித்து, காடிக்குள் செருகினார். தடிப்புக் கூடிவிட்டது. ஒரு மடிப்பை எடுத்தார். குறைந்துவிட்டது.

“கையைத் தட்டுங்கோவன் அண்ணை. நாங்கள் ஓடுறம்,” என்றார் கலாவதி.

“கையைத் தட்டி ஓட இதென்ன நேர்சறிப் பிள்ளையளின்ரை விளையாட்டோ?”

அங்கே நின்ற அத்தனை பேரும் துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள். இங்கே துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் ஓடக்கூடாதாம்.

கடைசியில், தேநீர் விற்றுக்கொண்டிருந்த டொலறஸின் கைப்பையிலிருந்து நகப்பூச்சு வந்தது. சிவப்பு. தகட்டை நடுவில் நிறுத்தி இரண்டு சொட்டு விட்டால் காய்ந்து இறுகிவிடும். ஆனால் நடு எது? ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேகத்தைப் பார்த்தார் கனகலிங்கம். “இடப்பக்கம் கொஞ்சம் போலை கிடக்கு,” என்றார் தலைவர், தானும் குனிந்து. சற்றுமுன் வெடித்தால் போதும் என்றவர்! இது தொற்றும். பொருளாளர் வந்தார். உபதலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்தார். செயற்குழு முழுவதும் ஒற்றைக் கண்ணால் வானத்தைக் குறிபார்த்தது. நடு தீர்மானமாயிற்று. சொட்டு விழுந்தது. காயப் பதினைந்து நிமிடம்.

அப்போது மணி நாலு.

நான் முடிவுக் கயிற்றைப் பிடிக்க நியமிக்கப்பட்டவன். வேடிக்கையை விட்டுவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன். கயிற்றின் மறுமுனை வேலியில் கட்டியிருந்தது. எனக்குப் பின்னால் வாசல், வாசலுக்கு வெளியே பஸ் நிறுத்தம். நாலு எட்டுக்குத் தெருமுனையில் பஸ் தலைகாட்டியது.

கலாவதி பையைத் தோளில் மாட்டினார். ஓடத் தொடங்கினார்.

ஓடுகிற முதுகைக் கண்டால் மரியநாயகியால் நிற்க முடியாது. அவரும் பறந்தார். மற்ற நால்வரும் ஏனென்று கேட்காமல் பின்னால் வந்தார்கள். மைதானமே எழுந்து நின்று கத்தியது. அறுபது மீற்றரில் மரியநாயகி தொட்டுவிடும் தூரம். எண்பதில் பை குறுக்கே ஆடியது, கலாவதி அதை மார்போடு அணைத்துக்கொண்டார். ஒரு முழு முதுகளவு முந்திக் கயிற்றை அறுத்து, வாசலைத் தாண்டி, பஸ்ஸில் ஏறிப் போனார்.

அதன்பிறகு வெடி கேட்டது. ஓடியவர்களைத் திரும்ப அழைக்கும் வெடியாம்.

தகடு அசையவில்லை. உண்மையைச் சொல்லவேண்டும், அருமையான வேலை.

“ஆர் முதல்?” என்று மூச்சிரைக்க வந்து கேட்டார் தலைவர். “வெடி இல்லாட்டியும் பரவாயில்லை. நீர்தான் சாட்சி. நீர் சொன்னால் கிண்ணத்தைக் குடுத்துவிடுவம்.”

கலாவதி என்று சொல்லவேண்டும். ஒரு சொல். மரியநாயகிகூட மறுக்காமல், இடுப்பில் கைவைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன்.

“கலாவதிதான். ஆனால் பொறுங்கோ,” என்றேன். “கயிறு வேலிப்பக்கம் கொஞ்சம் தொய்ஞ்சு கிடந்தது.”

ஏன் சொன்னேன்? தொய்ந்துதான் இருந்தது. அது போதாதா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்தப் பக்கத்தை எடுத்தபோது வேறு ஏதோ ஒரு வேலையைத் தொடங்க இருந்தீர்கள். வெளிச்சம் போதவில்லை என்றோ, பேனை சரியாக எழுதவில்லை என்றோ தள்ளிவைத்துவிட்டுத்தானே இங்கே வந்தீர்கள்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்குத் தலைவர் வீட்டில் செயற்குழு கூடியது. கயிறு தொய்ந்திருந்ததால் நூறு மீற்றர் ஓட்டத்துக்கு முடிவு இல்லை என்று பதிவாகியது. சுழற்கிண்ணம் போன வருடம் வென்ற மரியநாயகியிடமே இருந்தது. கலாவதிக்குச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு மணிக்குத் தொலைபேசியில் பேசினேன்.

“கயிறு தொய்ஞ்சது எண்டு ஆர் சொன்னது?”

“நான்தான்.”

“சரி,” என்றார். உடுப்புத் தோய்க்கப் போட்டிருப்பதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.