வெள்ளை விரிப்பும் ஒரு பருக்கையும்

இந்தப் பயணத்தில் புளிசாதம் கிடையாது என்று முருகவேல் முடிவெடுத்தான். சாதாரண முடிவு இல்லை. வேங்கிக்கால் அரசு அலுவலகம் ஒன்றில் பத்து வருடமாக மற்றவர்கள் போட்ட உத்தரவுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்த மனிதன், வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே போட்ட உத்தரவு அது.

காரணம் ஒரு புகைப்படம். போன மாதம் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கஃபேவில் மழைக்கு ஒதுங்கினான். சுவரில் ஒரு படம். காட்டு ஓரத்தில் ஜீப். மரத்தடியில் வெள்ளை விரிப்பு. அதைச் சுற்றி ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். ரொட்டி, ஆம்லெட், கேக், பழம். கீழே 'சஃபாரி காலை உணவு' என்று எழுதியிருந்தது. அந்த அப்பா சிரித்த சிரிப்பில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லை.

முருகவேலுக்குக் கல்லூரிச் சுற்றுலா நினைவுக்கு வந்தது. அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். பஸ்ஸில் எல்லோரும் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தபோது அவன் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தான். நல்லெண்ணெய் வாசம் டிரைவர் வரைக்கும் போனது. "டேய், எவன்டா பிரசாதம் குடுக்கறான்?" என்று ஒருவன் கத்தினான். பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பு பதினாறு வருடமாக அவன் காதில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. மகள் கவியாவுக்கு இப்போது ஒன்பது வயது. அவள் காதுக்கு அது குடிபெயரக் கூடாது.

ஜீப் வைத்திருக்கும் மணிவேலைப் பிடித்தான். வெளிநாட்டுக்காரர்களை விடியற்காலையில் ஜவ்வாது மலை அடிவாரம் வரை ஓட்டிப் போய் மான், மயில் காட்டி அழைத்து வருவது மணிவேலின் தொழில். அதற்கு அவன் வைத்திருந்த பெயர் சஃபாரி. காட்டை ஒட்டி அவனுக்குச் சொந்தமாக ஒரு மாந்தோப்பும் உண்டு. விரிப்பு விரிக்க இடம் தயார்.

மிச்சம் இருந்தது மனைவி ரேவதி.

"ரேவதி, சொல்லிட்டேன். புளிசாதம் கூடாது."

"சரிங்க."

"எலுமிச்ச சாதமும் கூடாது."

"சரிங்க."

"தயிர்சாதம்..."

"சாதமே கூடாதுன்னு மொத்தமா சொல்லுங்களேன். எதுக்கு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஃபைல் போடறீங்க?"

முருகவேலுக்குத் திக்கென்றது. பதினோரு வருட இல்லறத்தில் இரண்டு 'சரிங்க' அடுத்தடுத்து வந்ததே இல்லை. ரேவதி கறிவேப்பிலையை உருவிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நீங்கதான் பசி தாங்க மாட்டீங்க. எட்டு மணிக்குத் தட்டு வரலைன்னா சுவத்துக்கிட்ட சண்டை போடற ஆளு. கடைசீல நீங்களே புளிசாதம் கேப்பீங்க."

"நானா?"

"நீங்கதான்."

"எழுதி வெச்சுக்க. ஒரு பருக்கை, ஒரே ஒரு பருக்கை புளிசாதம் என் வாயில பட்டுச்சுன்னா, இந்தத் தீபத்துக்கும் உங்க அண்ணன் கூட்டமே வரட்டும்!"

சொன்ன பிறகுதான் எதைப் பந்தயம் வைத்தோம் என்று அவனுக்கு உறைத்தது. அவர்கள் குடியிருப்பது இரண்டு அறை வீடு. ஆனால் மொட்டை மாடியில் நின்றால் மலை உச்சித் தீபம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். திருவண்ணாமலையில் அப்படி ஒரு மாடி இருந்தால் கார்த்திகைக்குச் சொந்தக்காரர்களை அழைக்க வேண்டியதில்லை. அவர்களே பாயோடு வந்துவிடுவார்கள். மூன்று வருடமாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ரேவதியின் அண்ணன் ராஜேந்திரன் பதினான்கு பேரோடு வந்து இறங்குகிறார். மூன்று வருடமாக முருகவேலின் அக்கா கஸ்தூரி, "என்னடா, இந்த வருஷமாவது எங்களுக்கு இடம் உண்டா?" என்று போனில் கேட்கிறாள். மூன்று வருடமாக அவன் இருமுகிறான்.

"படலைன்னா?" என்றாள் ரேவதி.

"படலைன்னா என் அக்கா குடும்பம். உங்க அண்ணன்கிட்ட நீயே போன் போட்டுச் சொல்லணும்."

"சரிங்க."

மூன்றாவது 'சரிங்க'. முருகவேல் தண்ணீர் குடித்தான்.

சனிக்கிழமை போகலாம் என்றான். ரேவதி தலையை ஆட்டினாள்.

"சனிக்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துல ஜீப்பு எங்க போவும்? ஞாயித்துக்கிழமை போலாம்."

நியாயம். இந்த ஊரில் யாரும் மறுக்க முடியாத நியாயம். பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டான்.

கஃபேவில் என்னென்ன சொல்லலாம் என்று பட்டியல் எழுதினான். ஆம்லெட். கேக். வேகவைத்த முட்டையை நசுக்கி வைத்த சாண்ட்விச். ரொட்டி. பப்பாளி. ரேவதி எட்டிப் பார்த்தாள்.

"வெறும் ரொட்டியா? அதையும் முட்டைல முக்கி நெய்யில சுட்டுத் தருவாங்களாமே. அதுதான் வெள்ளைக்காரங்க சாப்புடறது."

மனைவியே தன் வழிக்கு வந்துவிட்டாள் என்று முருகவேலுக்கு மார்பு விரிந்தது. 'ரொட்டி' என்பதை அடித்துவிட்டு 'முட்டை ரொட்டி' என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டான்.

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு அவனை எழுப்பியது அலாரம் இல்லை, வாசனை. பெருங்காயம், நல்லெண்ணெய், வறுத்த வேர்க்கடலை. துள்ளி எழுந்து அடுக்களைக்கு ஓடினான். அடுப்பு சில்லென்று இருந்தது. ரேவதி தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"வாசனை எங்கருந்து வருது?"

"பக்கத்து வீட்டு ஜோதியம்மா. பௌர்ணமிக்கு வந்து விடிய விடியச் சுத்திட்டுப் போறவங்களுக்கு அன்னதானம் போடறாங்க. நீங்க மூக்கையும் பூட்டி வெச்சுக்கிட்டு வாங்க."

ஆனாலும் அவன் சோதனையை விடவில்லை. பைகளைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஃபிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்தான். காபிதான். கவியாவின் தொப்பிக்குள் கையை விட்டுத் துழாவினான். ஜீப் வந்ததும் சீட்டுக்கு அடியில் தவழ்ந்து பார்த்தான்.

"இன்னா சார், பாம்பு கீம்பு பாத்தீங்களா?" என்றான் மணிவேல். அவன் தலைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பை ஆடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல மணிவேல். எடு வண்டிய."

கஃபேவில் சொல்லி வைத்திருந்த கூடையை வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கண்ட வனவிலங்குகள்: ஆடு முப்பது, எருமை நான்கு. பிறகு அடிவாரப் புதரில் நிஜமாகவே ஒரு புள்ளிமான் நின்று இவர்களைப் பார்த்தது. கவியா மூச்சுவிடவில்லை. "அப்பா..." என்று அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடிக்காகவே இன்னும் நூறு உத்தரவு போடலாம் என்று முருகவேலுக்குத் தோன்றியது.

எட்டு மணிக்கு மாந்தோப்பு. படத்தில் இருந்த அதே மாதிரி வெள்ளை விரிப்பு. சுருக்கம் நீங்கும்வரை நாலு மூலையையும் இழுத்து, கல் வைத்தான். தட்டுகளைப் பரப்பினான். ஆம்லெட்டைத் திறந்தான். வாசம் வந்தது. பதினாறு வருடச் சிரிப்பு காதைக் காலி செய்யப் பெட்டி கட்டுவது போல் இருந்தது. ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனான்.

"ஏங்க," என்றாள் ரேவதி, "இன்னிக்குக் கிருத்திகை."

கை அந்தரத்தில் நின்றது.

அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, வேலை கிடைத்தால் மாதா மாதம் கிருத்திகை அன்று முட்டையும் கறியும் தொடமாட்டேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டவன் அவன். முருகன் வாக்கைக் காப்பாற்றினார். இவனும் பத்து வருடமாகக் காப்பாற்றி வந்தான். காலண்டர் தாள் கிழிப்பது ரேவதியின் இலாகா. முந்தின நாள் இரவே "நாளைக்குக் கிருத்திகை" என்று சொல்லிவிடுவாள். இந்த மாதம் மட்டும் சொல்லவில்லை.

"ஏன் நேத்தே சொல்லல?"

"நீங்க சோறு வேணாம் சோறு வேணாம்னு ஒரு வாரமா சொல்லிட்டிருந்தீங்களா, அதுல மறந்துட்டேன்."

ஆம்லெட்டைக் கீழே வைத்தான். சாண்ட்விச்சைப் பார்த்தான். முட்டை. கேக். முட்டை. ரொட்டி... அவனே சுருக்கொப்பமிட்ட முட்டை. மிஞ்சியது பப்பாளி. இரண்டு துண்டு தின்றான். மூன்றாவதை எடுப்பதற்குள் மாமரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி, தட்டோடு வாங்கிக்கொண்டு போனது.

"நீயும் சாப்பிடலையா?" என்றான் பரிதாபமாக.

"எனக்கு ஏதுங்க வேண்டுதல்? நான் பரீட்சையா எழுதினேன்?" ரேவதி சம்மணமிட்டு முட்டை ரொட்டியைப் பிய்த்தாள். "நீங்க சொன்னது சரிதாங்க. மரத்தடியில ஒக்காந்து இப்படிச் சாப்பிடறது தனி ருசிதான். என்ன கவியா?"

"சூப்பர்மா. அப்பா, கேக்கு செமயா இருக்குப்பா."

முருகவேல் காபி குடித்தான். பசி அடங்குவதற்குப் பதில் விழித்துக்கொண்டது. எட்டரைக்குக் காது அடைத்தது. மயில் ஒன்று வந்து தோகையை விரித்தது. அவன் கண்ணுக்கு அது பெரிய அப்பளமாகத் தெரிந்தது. பல்லைக் கடித்தான். கஸ்தூரி அக்கா. மொட்டை மாடி. ஒரு பருக்கை. உறுதியாக இருந்தான். எட்டு நாற்பது வரைக்கும் உறுதியாக இருந்தான்.

அப்போதுதான் காற்று திரும்பியது. ஜீப்புக்குப் பின்னாலிருந்து பெருங்காயமும் வேர்க்கடலையும் வந்தன.

"வண்டில தண்ணி இருக்கா பாத்துட்டு வரேன்," என்றான்.

"தண்ணி இங்கயே இருக்குதுங்க."

"டயர்லயும் காத்து கம்மியா இருக்கற மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு நடந்தான். நடை மாதிரி இல்லை அது.

மணிவேல் மஞ்சள் பையிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து ஜீப்பின் பின்பலகையில் பிரித்து வைத்திருந்தான். பழுப்பு நிறத்தில் பளபளத்தது. ஓரத்தில் துவையல்.

"மணிவேல்..."

"சொல்லுங்க சார்."

"பசியில்ல. சும்மா ருசி பாக்கத்தான். அங்க யாருக்கும் தெரிய வேணாம்."

"அட, எடுங்க சார்."

ஒரு வாய் எடுத்தான். பிறகு உட்கார்ந்தே எடுத்தான். ஐந்தாவது வாய்க்கு அவனுக்குக் காது திறந்தது. எட்டாவது வாய்க்குக் கண்ணில் நீர் வந்தது.

"மணிவேல், உங்க வீட்டம்மா கைக்கு வளையல் போடணும்பா. இந்தப் பக்குவம் எங்க வீட்ல சாமி சத்தியமா வராது. ரேவதி பத்து ஜென்மம் எடுத்தாலும்..."

பின்னால் கிளிக் என்று சத்தம். கவியா செல்போனோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் ரேவதி, கையில் கேக்கோடு.

"எத்தினி பருக்கை இருக்கும் கவியா?"

"எண்ண முடியலம்மா. மீசைல மட்டுமே ஜாஸ்தி இருக்கு."

முருகவேல் இலையை விடாமல் எழுந்து நின்றான். அலுவலகத்தில் பத்து வருடம் வீணாகப் போகவில்லை. விதிகளைப் புரட்டத் தெரியும்.

"இது செல்லாது! பந்தயம் உன் புளிசாதத்துக்குத்தான். இது மணிவேல் வீட்டுச் சாதம். அவன் பங்குல பிச்சை கேட்டு வாங்கினது. உன் சாதம் ஒரு பருக்கைகூட என் வாயில படல. அக்காதான் வருவா. மணிவேல், நீயே சாட்சி. தைரியமாச் சொல்லுப்பா, இது யாரு வீட்டு சாதம்?"

மணிவேல் ரேவதியைப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"என் பங்கை நான் ஆறு மணிக்கே சாப்ட்டேன் சார். இது உங்க பங்கு. ஜோதியம்மா வீட்டு அடுப்புல செஞ்சு, ரெண்டு பொட்டலமா கட்டி உங்க வீட்டம்மாதான் குடுத்தாங்க. 'ஒம்போது மணிக்குக் கேப்பாரு, பிரிச்சு வெய்யி'ன்னாங்க. நீங்கதான் சார் எட்டே முக்காலுக்கே வந்துட்டீங்க."