மாமனார் மேல் விழுந்த வெள்ளித்திரை

அந்த யோசனை எனக்குத் தோன்றியபோது நான் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் என் அறைக்குப் பின்னால், மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம் பக்கத்தில், தலை நிறையச் சோப்போடு உட்கார்ந்திருந்தேன். என்னைச் சந்தி சிரிக்க வைத்த யோசனைகள் எல்லாமே குளிக்கும்போது தோன்றியவைதாம். குளிக்காத நாட்களில் என்னால் யாருக்கும் ஆபத்தில்லை.

அப்போது நான் போர்ட் பிளேரில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. பி.ஏ. படித்த சூடு ஆறவில்லை. மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்தத் தீவுகளை யாராவது திருத்தியாக வேண்டும் என்றும், அந்த யாராவது நான்தான் என்றும் தெரிந்து வைத்திருந்தேன்.

இந்த வியாதியை முற்றவிட்டது ஒரு சிறுகதை. எங்கள் ஊருக்கு வாரப் பத்திரிகை வாராவாரம் வராது. கப்பல் வந்தால் ஒரு மாசத்துப் பத்திரிகையும் ஒரே கட்டாக வரும். கடைசி இதழை முதலில் படித்துத் தொடர்கதையின் கொலைகாரனைத் தெரிந்துகொண்டு, பிறகு அவன் கொலை செய்வதற்காகக் காத்திருப்போம். அப்படி வந்த ஒரு கட்டில்தான் அந்தக் கதை இருந்தது.

எல்லார் வீட்டுச் சாப்பாடும் ஒரே ருசியாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்ட ஒரு நாடு. நன்றாகச் சமைக்கிறவர்களுக்குச் சர்க்காரே கூடுதல் உப்பு கொடுக்கும். அதைக் குழம்பில் கொட்டித்தான் ஆக வேண்டும். கரண்டியும் கையுமாக ஓர் அதிகாரி வீடுவீடாக வந்து ருசி பார்ப்பார். கைமணம் உள்ள ஒருத்தி வருஷக்கணக்காக உப்பைக் கொட்டிச் சமைக்கிறாள். ஒரு நாள் சர்க்கார் உப்பைப் போட மறந்துவிடுகிறாள். அதிகாரி வருகிறார். ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொள்கிறார். கரண்டியை வீசிவிட்டுக் கையால் அள்ளித் தின்கிறார். சட்டி காலி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி இவளுக்கு இரண்டு மடங்கு உப்பு என்று உத்தரவு போட்டுவிட்டுப் போகிறார். அவ்வளவுதான் கதை. மூன்றே பக்கம். படித்துவிட்டு நான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. (ஆபீசில் எல்லாரும் அதை நல்ல மாறுதலாகவே எடுத்துக்கொண்டார்கள்.)

அந்தக் கதையைப் பிறகு மெயின்லேண்டில் சினிமாவாக எடுத்தார்கள். கொஞ்ச நாளில் அந்தப் படமே பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து இறங்கியது. டெய்ரி ஃபார்ம் மைதானத்தில் எங்கள் தமிழ்ச் சபை அதைத் திரையிடுவதாக ஏற்பாடு. படத்துக்கு முன்னால், கதையையும் படத்தையும் ஒப்பிட்டு நான் பேசுவதாக இன்னொரு ஏற்பாடு. இரண்டாவது ஏற்பாட்டைச் செய்தது நான்.

ஏன் அத்தனை அவசரம் என்றால், சபைத் தலைவர் காண்ட்ராக்டர் சுப்பையா. அவருடைய மகள் வசந்தா. அந்தக் கதை வந்த பத்திரிகையை எனக்குக் கொடுத்ததே வசந்தாதான். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். பத்திரிகை கைமாறிக் கைமாறி விஷயம் வளர்ந்து, ஒரு நாள் நான் நேரே போய்ப் பெண் கேட்டுவிட்டேன். சுப்பையா என்னை மேலும் கீழும் பார்த்தார். ராமநாதபுரத்திலிருந்து கூலிகளோடு கூலியாக வந்து, பாதி போர்ட் பிளேருக்குக் கூரை போட்டவர். ஒரு மரத்தைப் பார்த்தவுடன் எத்தனை பலகை தேறும் என்று சொல்லிவிடுவார். என்னிடம் ஒன்றும் தேறும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"அன்னைக்கு மேடையில பேசுறீங்கல்ல தம்பி? நாலு பேர் முன்னாடி நிதானமா நிக்கிற ஆளான்னு பார்த்துக்கிறேன். பதிலை அப்புறம் சொல்றேன்" என்றார்.

ஆக, என் கல்யாணமே அந்த ஒரு பேச்சில் தொங்கியது.

வசந்தாவுக்கு அப்போதே சந்தேகம். "படத்தைப் பார்க்காம எப்படி ஒப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

"பாட்டுப் புத்தகம் இருக்கே" என்றேன்.

படப்பெட்டியோடு பாட்டுப் புத்தகமும் வந்திருந்தது. அதில் கதைச்சுருக்கம் போட்டிருந்தது. அதிகாரிக்குக் குதிரையும், சட்டத்துக்கு ஒரு மீசை வில்லனும் கொடுத்திருந்தார்கள். கதையில் பெயரே இல்லாத பெண்ணுக்குப் பெயரும், ஒரு தோழியும், ஆறு பாட்டும். அதிகாரி குழம்பைச் சாப்பிட்டுக் கண்கலங்கும் இடம் வரைக்கும் சுருக்கம் வந்து, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிட்டது. மீதி என்ன பெரிய மீதி, கல்யாணமாகத்தான் இருக்கும் என்று நானே முடித்துக்கொண்டேன். மூன்று பக்கத்துக் கதையைக் கெடுக்க மூன்று மணி நேரப் படமா என்று பொங்கியெழுந்து பேச்சைத் தயாரித்துவிட்டேன்.

இங்கே எங்கள் மைதான வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு மூங்கில் நட்டு, நடுவில் வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் மேல் படம் விழும். துணிக்கு முன்புறம் ஆபீசர்களும் காண்ட்ராக்டர்களும் அவரவர் வீட்டு நாற்காலியோடு வந்து உட்காருவார்கள். பின்புறம் கப்பல் அணையும் ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், மர மில் ஆட்கள், அவர்கள் குடும்பம் எல்லாம் பாயில். துணி மெல்லியது, அதனால் பின்புறமும் படம் தெரியும். என்ன, இடம் வலமாகத் தெரியும். கதாநாயகன் இடது கையால் தாலி கட்டுவான். எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக ஓடும். யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாக எனக்குத் தெரியாது. நான் கவலைப்பட்டேன்.

சோப்புத் தலையோடு எனக்குத் தோன்றிய யோசனை இதுதான்: இடைவேளையில் இரண்டு பக்கமும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். பாதிப் படம் நாற்காலியில், பாதிப் படம் பாயில். சமத்துவத்தைப் பற்றிப் பேசிவிட்டு அங்கேயே நடத்திக் காட்டிவிடலாம்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது தடுத்திருப்பார்கள்.

பேச்சு பிரமாதமாகத்தான் ஆரம்பித்தது. கதையில் அந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை, அதனால்தான் பயமாக இருக்கிறது, படத்திலோ ஒரு வில்லனை வைத்து எல்லாப் பழியையும் அவன் மீசையில் கட்டிவிட்டார்கள் என்றேன். கதையில் அதிகாரிக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே ஒரு கரண்டிதான், படத்தில் ஆறு பாட்டு என்றேன். வலுக்கட்டாயமாகச் சமமாக்குகிறவன் எவனாக இருந்தாலும் அவன் அந்தக் கரண்டி அதிகாரிதான் என்று மைக்கைக் குத்திச் சொன்னேன். கை தட்டினார்கள். முன்வரிசையில் சுப்பையா லேசாகத் தலையை ஆட்டினார். பலகை தேறும் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அங்கேயே இறங்கியிருக்கலாம். கைதட்டல் சத்தத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. இடைவேளையில் இடம் மாற்றம் உண்டு, யாருக்கும் விதிவிலக்கு கிடையாது என்று அறிவித்துவிட்டேன்.

புரொஜெக்டர் ஓட்டுகிற அப்பாராவ் விசாகப்பட்டினத்துக்காரர். எங்களிடம் ஹிந்தியில்தான் பேசுவார். "சப் பராபர், பாபு?" என்று சிரித்தார். எல்லாம் சமமா என்று கேட்கிறார். "சப் பராபர்" என்றேன் கம்பீரமாக.

இடைவேளை வந்தது. ஒருவரும் அசையவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நானே கிளம்பினேன். சுப்பையா சபைத் தலைவராயிற்றே, முதலில் எழுந்திருக்காவிட்டால் சமத்துவத்துக்கு விரோதி ஆகிவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பாயில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள், பெயர் எழுதிய தங்கள் நாற்காலிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். சிலர் நாற்காலியையும் கூடவே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாய்க்காரர்கள்தான் பெரிய தலைவலி. அவர்கள் வர மாட்டேன் என்றார்கள். ஜெட்டியில் வேலை செய்யும் முனியம்மா, முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரிங்கம்மா, உங்களுக்கு நாற்காலி" என்றேன்.

"எனக்கு எதுக்குத் தம்பி? இங்க கடக்காத்து வருது. காலை நீட்டலாம்."

"அங்கே படம் நேராகத் தெரியும்."

"இங்க கோணலா தெரியுதுன்னு நான் உங்ககிட்ட வந்து சொன்னனா?"

நான் விடவில்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், எழுந்திருங்கள் என்று அதட்டினேன். அவள் முறுக்கைச் சுருட்டிக்கொண்டு, என் பரம்பரையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக்கொண்டே எழுந்தாள். முன்னால் போய் உட்கார்ந்து, படம் ஓட ஆரம்பித்ததும் அவள் குரல்தான் முதலில் கேட்டது. "இதென்னடி, இந்தப் பக்கம் எல்லாருக்கும் சோத்துக் கை மாறிப்போச்சு!"

இன்னும் பாதிப் பேர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கும்போதே அப்பாராவ் படத்தை ஓட்டிவிட்டிருந்தார். இருட்டில், தலையில் நாற்காலியோடு போன ஒருவர் மூங்கிலை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றில் மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டவர் நின்றிருக்கலாம். விதிவிலக்கு கிடையாது என்று நான் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவர் முன்னேறினார். மூங்கில் மெல்லச் சாய்ந்தது. வெள்ளித்திரை அப்படியே பின்பக்கமாகப் போய்ச் சுப்பையாவை மூடியது.

அவர் துணிக்குள்ளேயே எழுந்து நின்றார். கையை விரித்துத் தடவிக்கொண்டு, மைதானத்தின் நடுவே ஒரு வெள்ளை மலை மாதிரி. நடுவில் நிறுத்தினால் ஃபிலிம் எரிந்துபோகும் என்று அப்பாராவ் மெஷினை நிறுத்தவில்லை. படம் முழுக்கச் சுப்பையா மேல் விழுந்தது. அதுவும் எந்த இடம்? அதிகாரி கரண்டியை வீசிவிட்டுக் கையால் அள்ளித் தின்னும் இடம். சுப்பையாவின் வயிற்றில் அதிகாரி சாப்பிட்டார். சுப்பையாவின் மார்பில் அவர் கண் கலங்கியது. 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று எழுதியவன் இதை நினைத்திருக்க மாட்டான்.

"படம் நல்லாத்தான் தெரியுது, அப்படியே நில்லுங்க முதலாளி" என்றாள் முனியம்மா.

சிரிப்பு வெடித்ததில் யாரோ கரண்டு ஒயரை மிதித்து இழுத்துவிட்டார்கள். எல்லாம் இருட்டு. புரொஜெக்டர் பல்பும் போய்விட்டது. மறுநாள் காலை கப்பலில் படப்பெட்டி திரும்பிப் போயாக வேண்டும், போய்விட்டது. கதையையும் படத்தையும் ஒப்பிட்டு ஒரு மணி நேரம் பேசிய எனக்கு இன்று வரை அந்தப் படத்தின் முடிவு தெரியாது.

மறுநாள் சுப்பையா வீட்டுக்குப் போனேன். பத்திரிகைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவதாக எண்ணம். வாசலில் வசந்தா நின்றாள்.

"கரண்டி அதிகாரியைப் பத்தி நல்லாப் பேசினீங்க. ஆனா இடைவேளைக்கு அவரே வந்துட்டாரே" என்றாள். "முனியம்மாவுக்கு எத்தனை கரண்டி உப்பு போட்டீங்கன்னு எண்ணினீங்களா?"

என் பி.ஏ.வை நம்பாமல் பத்திரிகைக் கட்டை நீட்டினேன்.

சுப்பையா உள்ளேயிருந்து வந்தார். நெற்றியில் மூங்கில் பட்ட வீக்கம். என்னைப் பார்த்துக்கொண்டே மகளிடம் பேசினார்.

"இவரை வெளியில விட்டா ஊரையே சமமாக்கிடுவாரும்மா. வீட்டுக்குள்ள போட்டு அடைச்சிடுறதுதான் நல்லது. தை பிறக்கட்டும்."

சம்மதம் கிடைத்த எத்தனையோ பேர் இருக்கலாம். ஊர் பாதுகாப்பை உத்தேசித்துச் சம்மதம் கிடைத்தவன் நான் ஒருவன்தான்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும், மீன் துண்டுகளை ஆளுக்கு இத்தனை என்று நான் பங்கு போட ஆரம்பித்தால் வசந்தா கேட்பாள், "என்ன, இடைவேளையா?" பிள்ளைகள் உடனே தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் மாறி உட்காருவார்கள். குழம்பில் உப்புக் கூடினால் மாமனார், "யாரும்மா, அதிகாரி வந்துட்டுப் போனாரா?" என்பார்.

இப்போது அவர் தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில், சர்க்கார் குவார்ட்டர்ஸ் கட்டுகிறார். போன கப்பலில் வந்த ஆளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதே படம் அங்கே வருகிறதாம். நான் பேசலாமாம். படம் முடிந்த பிறகுதான் பேச வேண்டும், மைக் கிடையாது, மூங்கிலை அவரே நடுவார். வசந்தாவும் சரி என்றுவிட்டாள். முடிவைப் பார்க்கப் போகிறேன் என்பதில் எனக்கு ஒரே சந்தோஷம். கல்யாணமாக இருந்தால் திட்டத் தயார். இரண்டு மடங்கு உப்பாக இருந்தால் மன்னிப்புக் கேட்கவும் தயார்.

யாரையும் இடம் மாற்றுவதாக இல்லை. அது நிச்சயம். ஆனால் பாயில் உட்காருகிறவர்களுக்கு எதிரே ஒரு பெரிய நிலைக்கண்ணாடியை நிறுத்தி வைத்தால், அதில் தெரியும் படம் நேராகிவிடும் அல்லவா? திரைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இன்று காலை குளிக்கும்போது தோன்றியது. வசந்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஹட் பே சலூனில் இருக்கும் கண்ணாடி எவ்வளவு பெரிசு என்று மட்டும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.