வல்லரசுவின் கார் வலம் போகிறது

வல்லரசு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் மீட்டரைப் பார்த்தார். எண் மாறவில்லை. காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது மனதில் குறித்துக்கொண்டு போன எண்ணைவிடப் பதினான்கு கிலோமீட்டர் ஏறியிருந்தது.

கார் காலையில் விட்ட இடத்திலேயேதான் நின்றது. வீட்டு வாசலில், ரோட்டோரப் புங்கமரத்தடியில், கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்துக்குப் போகும் திசையைப் பார்த்தபடி. மேலே போட்ட உறையின் நாடாக்கள் கட்டியபடியே இருந்தன. அவர்தான் இப்போது அவிழ்த்து உள்ளே உட்கார்ந்திருந்தார். இறங்கி முன்பக்க மூடியில் கை வைத்தார். நாள் முழுக்க நிழலில் நின்ற வண்டி, அடுப்பிலிருந்து இறக்கிய குண்டான் போலச் சுட்டது.

"சரசு, யாருனா வண்டிய எடுத்தாங்களா?"

உள்ளே மிக்ஸி நின்றது. "நீங்கதான் யாரையும் தொடவே வுடறதில்லயே," என்று அவர் மனைவி சரசுவின் குரல் வந்தது. மிக்ஸி மறுபடி ஓடியது.

அது நியாயமான பேச்சுதான். அந்தக் காரை வல்லரசுவே அவ்வளவாகத் தொடுவதில்லை. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் எழுத்தர். அடி அண்ணாமலையிலிருந்து தினமும் அங்கே போய் வருவது பக்கத்துத் தெரு அன்பரசனின் பைக்கில், பின் சீட்டில். கார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். அன்றைக்கும் ஏசி போடக் கூடாது, ஜன்னலைத் திறந்தால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்கும் என்பதால் அதையும் திறக்கக் கூடாது. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தாலே எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டே போவார். பெட்ரோல் பங்கில் குழாயை வெளியே எடுப்பதற்கு முன் நன்றாக உதறச் சொல்வார். லிட்டருக்கு இருபத்திரண்டு கொடுத்தது அவர் வண்டி. ஊரில் யார் என்ன பேச்சு எடுத்தாலும் அதை அந்த இருபத்திரண்டில் கொண்டுவந்து நிறுத்துவது அவர் வழக்கம்.

அந்த வண்டி இப்போது பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தார். வழி நெடுக ஒன்றாம் கியரிலேயே ஓட்டினால்தான் இப்படிக் குடிக்கும். எந்தத் திருடன் ஒன்றாம் கியரில் ஓட்டுவான் என்று அவருக்குப் புரியவில்லை. டிரைவர் சீட் வேறு யாரோ முன்னால் இழுத்துவிட்டது போல இருந்தது. உட்கார்ந்தபோது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

இதையெல்லாம்விட அந்தப் பதினான்குதான் அவரை உறுத்தியது. அந்த ஊரில் பிறந்தவனுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. அவர் வாசலில் கிளம்பி மலையை ஒரு சுற்றுச் சுற்றி அதே வாசலுக்கு வந்தால் பதினான்கு கிலோமீட்டர்.

மறுநாள் காலை டயர் நான்கையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தபோது நான்கு டயரும் கோட்டைத் தாண்டி ஒரு சாண் முன்னால் நின்றன. உறை பழையபடி போர்த்தியிருந்தது. ரோட்டில் ஆள் இல்லை. மலை மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அந்த ஒரு சாண் இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றவருக்குக் கை மயிர் சிலிர்த்தது.

எதிர்ப்பக்கம் வெள்ளையம்மாள் கடை போட்டிருந்தாள். கிரிவலம் வருபவர்களுக்குக் கற்பூரமும் அகல்விளக்கும் விற்கிற கடை. காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம்வரை அவள் கண் ரோட்டை விட்டு நகராது. அவளிடம் போய் மெதுவாக விசாரித்தார்.

"வேத்து ஆளு ஒருத்தனும் கிட்ட வரல தம்பி," என்றாள் அவள், திரியைத் திரித்துக்கொண்டே. "மலைய நெனச்சிக்கினு வுட்டுடு."

விடுவதா? பெட்ரோல் இருந்தால்தானே ஓடும் என்று வல்லரசு ஒரு முடிவுக்கு வந்தார். ரப்பர் குழாயை டேங்கில் விட்டு வாயால் உறிஞ்சி, இருந்ததை எல்லாம் கேனில் பிடித்தார். முள் சிவப்புக் கோட்டில் படுத்துவிட்டது. ராத்திரி முழுக்க ஏப்பம் விட்டால் பெட்ரோல் நாற்றம் அடித்தது. சரசு தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் சாவியைத் திருப்பினார். படுத்திருந்த முள் எழுந்து பாதியில் நின்றது.

அந்த நொடியில்தான் வல்லரசுவுக்கு நிஜமாகவே பயம் வந்தது. பெட்ரோல் திருடும் பேயென்றால் அவரால் ஏற்றுக்கொள்ள முடியும். பெட்ரோல் போடும் பேயை அவர் எங்குமே கேள்விப்பட்டதில்லை. கதவைச் சாத்தக்கூட மனம் வராமல் பின்னாலேயே நகர்ந்து படியேறினார். உள்ளே போய்ச் சரசுவிடம் சொன்னார். அவள் முகம் வெளுத்துவிட்டது. மீட்டரில் கோளாறாக இருக்கும், மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்றாள். காட்டினார். மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னான்.

இரண்டு நாள் கழித்து அன்பரசன் பைக்கை நடு வழியில் ஓரங்கட்டினான். ஆபீஸ் வேலையாக முந்தின நாள் மதியம் கிரிவலப் பாதையில் போனானாம்.

"அண்ணே, சொல்றனேனு தப்பா நெனைக்காதீங்க. உங்க வண்டியப் பாத்தேன். வெள்ளக் காரு, உங்க நம்பரு. எதுத்தாப்புல வருது. ஓட்டற சீட்டுல ஆளு இல்ல."

"சரியா பாத்தியா?"

"கண்ணாடில வானந்தான் தெரியுது, ஆளு தெரியல. ஆளுங்க நடக்கறாங்களே, அந்த வேகத்துலதான் வருது. லிங்கத்துக்கிட்ட வந்து நின்னுச்சு. நின்னு, ஒரு தபா உடம்பச் சிலுத்துக்கிச்சு. அப்புறம் தானா கெளம்பிச்சு." அன்பரசன் எச்சிலை விழுங்கினான். "மழையே இல்லண்ணே. வைப்பர் மட்டும் ஆடுது. வா வானு கூப்புடற மாதிரி இருந்துச்சு."

அன்பரசனுக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. வாரம் முடிவதற்குள் சேதி ஊர் முழுக்கப் போய்விட்டது. ஆளில்லாத கார் ஒவ்வொரு லிங்கத்திலும் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறது என்றார்கள். எதிரே வந்த மாட்டுக்கு அது வழிவிட்டு நின்றதாம். ஒருவர் அதற்குள்ளிருந்து முனகல் கேட்டதாகவும், அது மந்திரம் போல இருந்ததாகவும் சொன்னார். கிரிவலம் வந்தவர்கள் புங்கமரத்தடியில் நின்று காரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். முன்பக்க மூடியில் யாரோ குங்குமம் வைத்தார்கள். வெள்ளையம்மாள் கடையில் எலுமிச்சம்பழமும் மாலையும் புதிதாக வந்து சேர்ந்தன.

வல்லரசுவுக்குத் தூக்கம் போயிற்று, சோறும் இறங்கவில்லை. கடைசியாக ஒன்று செய்து பார்க்கலாம் என்று இரண்டு சாவிகளையும் கையோடு எடுத்துப்போக முடிவு செய்தார். ஒன்று அவர் பையிலேயே இருந்தது. இன்னொன்று சாமி படத்துக்குப் பின்னால். சரசு முக்காலி போட்டு ஏறி, அப்படியும் எட்டாமல் எக்கி, அதை எடுத்துத் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். இரண்டையும் இடுப்பில் முடிந்துகொண்டு ஆபீசுக்குப் போனார்.

அன்று கார் அசையவில்லை. டயர்கள் சாக்பீஸ் கோட்டுக்குள்ளேயே இருந்தன. வல்லரசு நிம்மதியாகக் காபியைக் கையில் எடுத்தார். பாதி குடிப்பதற்குள் வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். போளூரிலிருந்து வேண்டுதலோடு வந்து, மதிய வெயிலில் பாதையோரம் காத்திருந்தவர்கள். சாமி வண்டியை மறிக்க நீங்கள் யார் என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டுக் கால் கழுவப் போனவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. சாவி முடிந்திருந்த அதே பக்கம்.

அதற்கு மேல் அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டே நொண்டி நொண்டிப் போய், சாவியைக் காரிலேயே மாட்டிவிட்டு, கதவைப் பூட்டாமல் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் மீட்டரில் பதினான்கு ஏறியது.

வண்டியை விற்றுவிடுவது என்று தீர்மானித்தார். அந்தக் காரை அவர் பிள்ளை மாதிரி வளர்த்திருந்தார். சரசு எப்போதும் அவர் சொல்லுக்கு எதிர் பேச மாட்டாள். அன்று பேசினாள்.

"விக்க வேணாங்க. அது நம்மள ஒண்ணும் பண்ணாது."

"உனக்குத் தெரியாது சரசு. இன்னிக்கு இடுப்பு. நாளைக்கு உனக்கு எதுனா ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். வாசலில் யாரோ காருக்குச் சூடம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

வேலூரிலிருந்து அருண்பிரசாத் என்று ஒருவர் வண்டி வாங்க வந்தார். ஊர்ப் பேச்சு அவர் காதுக்குப் போய்ச் சேருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது வல்லரசுவின் அவசரம். அதற்காகவே லீவு போட்டிருந்தார். நல்ல உச்சிவெயில். வண்டியைச் சுற்றிப் பார்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு, அருண்பிரசாத் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். சரசு இருவருக்கும் மோர் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

"மைலேஜ் இன்னா குடுக்குது சார்?"

வல்லரசு வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கேள்வி அது. அன்றைக்குப் பார்த்து அவர் மோர் டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். வண்டி தனக்கு வேண்டிய அளவுக்குக் குடிக்கும் என்று எப்படிச் சொல்வது? சாவி எங்கே, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்றார் வந்தவர். வண்டியிலேயே இருக்கிறது என்று இவர் சொல்லி முடிக்கவில்லை.

வெளியே எஞ்சின் உறுமியது.

இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். உறை தரையில் கிடந்தது. கார் ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, மரத்தடியை விட்டு மெல்ல நகர்ந்து ரோட்டில் ஏறியது. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் டிரைவர் சீட்டின் முதுகு மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் தலை ஏதும் இல்லை. அனல் பறக்கிற வெயிலில் வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. பாதையில் வந்துகொண்டிருந்த நாலைந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகளைத் தலைக்கு மேல் கூப்பினார்கள். கார் அவர்களைக் கடந்து, குபேர லிங்கம் பக்கம், நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது.

 அருண்பிரசாத் கையில் இருந்த டம்ளரைப் படியில் வைத்துவிட்டு, காருக்கு நேர் எதிர்த்திசையில் வேகவேகமாக நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போனதும் அந்த நடை ஓட்டமானது.

"சரசு!" என்று வல்லரசு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். பதில் இல்லை. சமையலறையில் இல்லை. பின்கட்டில் இல்லை. கொல்லைக் கதவு மட்டும் விரியத் திறந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மறுபடி வாசலுக்கு வந்தவர் புங்கமரத்தடியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

கார் நின்றிருந்த இடத்தில், சாக்பீஸ் கோடுகளுக்கு நடுவே, சரசுவின் செருப்புகள் ஜோடியாகக் கிடந்தன.

இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. ரோட்டில் இறங்கிக் கொஞ்ச தூரம் ஓடினார். வளைவில் கார் மறைந்துவிட்டிருந்தது. மூச்சு வாங்கத் திரும்பி வந்து அந்தச் செருப்புகளுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, மலையைப் பார்த்து வாய்விட்டு அழுதார். வண்டி வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், மைலேஜ் என்ற பேச்சையே இனி எடுக்க மாட்டேன், அவளை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு என்று கும்பிட்டார். தினமும் ஏசி போட்டே அவளை ஊரெல்லாம் கூட்டிப்போவதாகவும் சொன்னார். அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

சுற்றிலும் கூட்டம் கூடியது. ஒருவர் அவர் நெற்றியில் விபூதி பூசினார்.

எதிர்ப்பக்கம் வெள்ளையம்மாள் கடை முழுக்கக் குவிந்திருந்த கற்பூரத்தையும் மாலைகளையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அழுகிற மனிதரைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டுவிட்டு, எழுந்து, ரோட்டைத் தாண்டி அவர் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அழுவாத தம்பி, வந்துடுவா," என்றாள். "சரசுக்கு இன்னும் நேரா ஓட்டத்தான் வருது, வண்டியத் திருப்ப வரல, அதான் தெனமும் மலையச் சுத்திக்கினு வூட்டுக்கு வரா."